தடையருகே நிற்பவர்கள்

விழுப்புரத்திற்கு வடமேற்கே, ஏரியும் வயல்களும் சூழ்ந்த சமவெளியில் பனமலைக் குன்று நிற்கிறது. இராசசிம்மன் எனப்பெறும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் அதன்மேல் இருக்கிறது. மன்னனின் புகழ் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கற்களைக் குன்றின்மேல் ஏற்றியவர்களில் ஒருவருடைய பெயரேனும் நமக்குத் தெரியாது.

அக்குன்று கண்ணுக்குத் தெரியும் தொலைவில், அறுவடை முடிந்த வயல்களில், சுற்றுவட்டார இளையோருக்கென ஒரு தடை ஓட்டம் நடைபெற்றது. வாய்க்காலைத் தாண்டி, கயிற்று வலையின் கீழ் தவழ்ந்து, மண்மூட்டை சுமந்து, சேற்றுக் குழியில் இறங்கி, பலகைச் சுவரில் ஏறிக் குதித்து, ஏரிக்கரை வழியே ஓடி முடிக்க வேண்டும். எங்கள் பங்கு இளையோர் இயக்கத்தினர் அங்கே ஓடச் செல்லவில்லை. உதவி செய்யச் சென்றார்கள். சுண்ணாம்புக் கோடு இடுவது, தண்ணீர் தருவது, எண் அட்டையைச் சரிபார்ப்பது, ஒவ்வொரு தடையருகிலும் ஒருவர் நின்று கவனிப்பது ஆகியவை அவர்கள் பணிகள். பரிசு வழங்க என்னை அழைத்திருந்தார்கள். வழங்கினேன்; வென்றவர்களைப் பாராட்டிப் பேசினேன்; திரும்பிவிட்டேன்.

அன்று மாலை, முழங்கால்வரை சேறு காய்ந்திருந்த கால்களோடு ஓர் இளைஞன் பங்கு இல்லத் திண்ணையில் வந்து அமர்ந்தான். சேற்றுக் குழியருகே காலை முதல் நின்றவன் அவன். ஓட்டக்காரர் ஒருவருக்குக் கால் சேற்றில் சிக்கிப் பிசகியதும், இவன் ஊதலை ஊதிப் பின்னால் வந்தவர்களை நிறுத்தியிருக்கிறான். அவரைத் தூக்கி வெளியேற்றும்வரை யாரையும் இறங்க விடவில்லை. நேரம் போய்விட்டதே என்று நின்றவர்களில் சிலர் அவனைக் கடிந்து பேசியிருக்கிறார்கள். அவன் என்னிடம் கேட்டான்: "சாமி, ஓடி வந்தவனுக்கு மெடல் போட்டீங்க. வெயில்ல நின்னு திட்டு வாங்கினவனுக்கு என்ன சாமி?"

"விண்ணகத்தில் கைம்மாறு உண்டு" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அவன் மறுத்துப் பேசவில்லை. சிரித்துவிட்டு எழுந்து போனான். அந்தச் சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் சொன்னது பொய்யன்று. ஆனால் கேட்டவனின் கேள்வியை எதிர்கொள்ளாமல் தப்பிக்கும் பொருட்டு ஓர் உண்மையைப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதை உணர்ந்தேன். எனவே, தடை ஓட்டம் எங்கிருந்து வந்தது, அதில் நிற்பவர்களின் இடம் என்ன என்று சற்றே தேடிப் படித்தேன். படித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோபுரத்திலிருந்து கோபுரத்திற்கு

தடைகளும் நீர்க்குழியும் கொண்ட 3,000 மீட்டர் ஓட்டத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டீப்பிள்சேஸ்' என்கிறார்கள். 'ஸ்டீப்பிள்' என்பது தேவாலயத்தின் கூர்ங்கோபுரம். 1752ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஓகாலகன், பிளேக் என்னும் இருவர் தம் குதிரைகளை வைத்துப் பந்தயம் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. பட்டவண்ட் தேவாலயத்திலிருந்து டோனரேல் தேவாலயம்வரை, ஏறத்தாழ நான்கரை மைல் தொலைவு; வழி என்று எதுவும் இல்லை. தூரத்தில் தெரியும் கோபுரமே குறி. இடையில் வந்த வேலியையும் கற்சுவரையும் ஓடையையும் தாண்டிச் செல்வதே விதி.

கோபுரத்தைக் குறியாகக் கொண்டு நடப்பது நமக்குப் புதிதன்று. வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லும் நம் மக்கள், ஆலயக் கோபுரம் கண்ணில் பட்டதும் களைப்பை மறப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த அயர்லாந்துப் பந்தயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு கோபுரம் இருந்தது. முடிவில் ஒரு கோபுரம் இருந்தது. இடையில் உள்ள தடைகள் பற்றி எவருக்கும் கவலை இல்லை. விழுந்தால் விழுந்தவன் பாடு.

சுமார் நூறாண்டுகள் கழித்து, 1850ஆம் ஆண்டில், ஆக்சுபோர்டு எக்ஸிட்டர் கல்லூரி மாணவர்கள் இவ்விளையாட்டைக் குதிரையின்றித் தம் கால்களாலேயே நடத்திப் பார்த்தார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. 1920 முதல் 3,000 மீட்டர் என்ற அளவு நிலைபெற்றது. இன்றைய விதிப்படி ஓட்டக்காரர் 28 தடைகளையும் 7 நீர்க்குழிகளையும் கடக்க வேண்டும். ஆடவருக்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர், மகளிருக்கு 76.2 சென்டிமீட்டர். மகளிருக்கு ஒலிம்பிக்கில் இவ்வோட்டம் 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில்தான் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தைச் சேர்ந்த படைவீரர் அவினாஷ் சாப்ளே இதில் தங்கம் வென்றபோது, நம் நாட்டுச் செய்தித்தாள்களும் இவ்வோட்டத்தைத் திரும்பிப் பார்த்தன.

சாதாரணத் தடை ஓட்டத்தில் கால் பட்டால் தடை சாய்ந்துவிடும். இங்கே தடை கனத்த மரத்தால் ஆனது, அது சாயாது. மனிதன்தான் விழுவான். ஆகவே வயல்வெளியிலிருந்து அரங்கத்திற்குள் தடைகள் வந்தபோது, அவற்றோடு காவலர்களும் வந்தார்கள். சுற்றுகளை எண்ண ஒருவர், நீர்க்குழியருகே ஒருவர், தடையின் உயரத்தைச் சரிபார்க்க ஒருவர் என ஓடாத மனிதர்கள் தேவைப்பட்டார்கள். கோபுரங்களுக்கு இடையே எவரும் நில்லாத பந்தயம், ஒவ்வொரு தடையருகிலும் ஒருவர் நிற்கும் போட்டியாக மாறியது. இந்த விளையாட்டு அடைந்த பெரிய மாற்றம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

கண் திரும்பிய ஒரு கணம்

நிற்பவர் எவ்வளவு முக்கியமானவர் என்பதை, அவர் தவறும்போதுதான் உலகம் உணர்கிறது. 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் இந்த 3,000 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி நடந்தது. சுற்று எண்ணும் பொறுப்பிலிருந்தவர் நோயுற்றதால், மாற்றாக ஒருவர் நின்றார். அதே அரங்கத்தில் பத்துப் போட்டிகள் அடங்கிய டெகத்லானும் நடந்துகொண்டிருந்தது. நின்றவரின் கண் அதில் ஈடுபட்டுவிட்டது. ஒரு சுற்றை அவர் கணக்கில் மாற்றவில்லை. விளைவு? ஓட்டக்காரர்கள் 3,000 மீட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ 3,460 மீட்டர் ஓடினார்கள்.

பின்லாந்தின் வோல்மாரி இசோ ஹோலோ மிகவும் முன்னே இருந்ததால், முதலிடத்தில் மாற்றம் ஏற்படவில்லை. ஆனால் முறைப்படி ஓட்டம் முடிந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவதாக இருந்தவர் அமெரிக்காவின் ஜோ மெக்லஸ்கி; நியூயார்க் நகரில் இயேசு சபையினரின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தேவையற்ற அந்தக் கூடுதல் சுற்றில் பிரிட்டனின் தாமஸ் எவன்சன் அவரை முந்தினார். வெள்ளி கைநழுவி வெண்கலமானது. மீண்டும் ஓட்டத்தை நடத்தலாம் என்ற வாய்ப்பு வந்தபோது, மெக்லஸ்கி அதை ஏற்கவில்லை. முடிந்த ஓட்டம் முடிந்ததே என்று விட்டுவிட்டார்.

மெக்லஸ்கியின் பெருந்தன்மையை நாம் வியக்கிறோம்; வியக்கத்தான் வேண்டும். ஆனால் என் எண்ணம் அந்தச் சுற்று எண்ணியவர்பால் செல்கிறது. அவர் தீயவர் அல்லர். கையூட்டு வாங்கியவரும் அல்லர். சுவையான வேறொன்று அருகில் நடந்தது, கண் திரும்பியது, அவ்வளவே. நிற்பவரின் பணி அவ்வளவு எளியதாகத் தோன்றுவதால்தான் அது கடினமாகிறது. ஓடுகிறவருக்கு முன்னே இலக்கு இருக்கிறது. உடலே அவரை விழிப்பாக வைத்திருக்கும். நிற்பவருக்கோ, மணிக்கணக்கில் ஒன்றும் நடவாமல் இருந்து, நடக்கும் அந்த ஒரு கணத்தில் விழித்திருக்க வேண்டும். கெத்சமனித் தோட்டத்தில் சீடர்கள் தவறியது, செய்யவேண்டிய பெருஞ்செயல் ஒன்றில் அன்று, விழித்திருப்பதில்தான்.

பனமலையில் எங்கள் இளைஞன் கண்ணைத் திருப்பவில்லை. அந்த ஒரு கணத்தில் அவன் ஊதல் ஒலித்தது. அதற்கு அவனுக்குக் கிடைத்தது வசை. மேடையில் நான் பேசிய பத்து நிமிடத்தில் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்குத் தெரியாது என்பது உண்மை. கேட்டறிய முயலவில்லை என்பதும் உண்மை.

வலிமை எதற்கு?

1902ஆம் ஆண்டு மே 8 அன்று கரீபியக் கடலின் மார்த்தினீக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. செயின்ட் பியேர் நகரம் அழிந்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். அப்போது அங்கே பிரெஞ்சுக் கடற்படையில் இளம் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் எபேர் மீட்புப் பணியில் ஈடுபட்டார். பின்னாளில் உடற்பயிற்சி ஆசிரியராகி, ஓடுதல், ஏறுதல், தாண்டுதல், தூக்குதல், நீந்துதல் ஆகியவற்றை இயற்கையான தடைகளின் நடுவே பயிற்றும் முறை ஒன்றை வகுத்தார். படைப் பயிற்சிக்களங்களில் இன்று காணும் தடைப் பாதைகளுக்கு அவருடைய முறை முன்னோடி. 1987ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய 'டஃப் கை' ஓட்டமும், 2012ஆம் ஆண்டு முதல் இந்திய நகரங்களில் நடந்துவரும் 'டெவில்ஸ் சர்க்யூட்' ஓட்டமும் அந்தத் தடைப் பாதைகளின் பிற்காலக் கிளைகளே. 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கின் ஐந்து வகைப் போட்டியில், குதிரையேற்றத்தின் இடத்தைத் தடை ஓட்டம் பெறுகிறது. குதிரையில் தொடங்கிய வரலாறு இவ்வாறு ஒரு வட்டம் சுற்றி வந்திருக்கிறது.

பிறருக்குப் பயன்படவே வலிமை பெற வேண்டும் என்பது எபேர் தம் பயிற்சிக்கு வைத்த குறிக்கோள். வெல்வதற்கு என்று அவர் சொல்லவில்லை, பயன்படுவதற்கு என்றார். அவருக்குச் சற்று முன்பு, 1891ஆம் ஆண்டில், பாரிஸை அடுத்த ஆர்க்கேய் ஊரிலிருந்த சாமிநாதர் சபைப் பள்ளியின் விளையாட்டு விழாவில், அருள்தந்தை ஆன்றி திதோன் தம் மாணவர்களுக்கு மூன்று இலத்தீன் சொற்களைக் கொடுத்தார். விரைவாக, உயர்வாக, வலிமையாக என்பது அவற்றின் பொருள். அவருடைய நண்பர் கூபெர்தேன் 1894ஆம் ஆண்டில் அவற்றையே ஒலிம்பிக் இயக்கத்தின் குறிக்கோள் ஆக்கினார். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மூன்று சொற்களே வழங்கின. பெருந்தொற்றின் நடுவே, 2021ஆம் ஆண்டு ஜூலையில், நான்காவதாக ஒரு சொல் சேர்க்கப்பட்டது: ஒன்றாக. தனித்து ஓடுகிறவனால் போட்டி நடக்காது என்பதை ஒப்புக்கொள்ள இத்தனை ஆண்டுகள் ஆயின.

எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் களம் கண்ட வீரர் வீராங்கனையர் ஏறத்தாழ 10,500 பேர். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் சேர்த்து ஊதியமின்றித் தொண்டாற்றியவர்கள் ஏறத்தாழ 45,000 பேர். ஓடியவர்களைவிட நின்றவர்களே மிகுதி.

நம் மாவட்டத்திலேயே இதற்கோர் இனிய எடுத்துக்காட்டு உண்டு. திண்டிவனத்திற்குத் தெற்கே ஆரோவில்லில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய மாரத்தான், செம்மண் காட்டுப்பாதையில் ஓடும் மகிழ்ச்சிக்காகவே என அமைக்கப்பட்டது. அங்கே முதலிடம், இரண்டாமிடம் என்று பரிசு வழங்குவதில்லை. பரிசு இல்லாத இடத்தில் ஓடியவரும் நின்றவரும் வீடு திரும்பும்போது ஒரே நிலையில் இருக்கிறார்கள்.

தரைப்பாலத்தில் கண்டது

இவற்றையெல்லாம் படித்தபோது, 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு என் நினைவுக்கு வந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த இரவு அது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிகள் உடைந்தன, ஆறுகள் கரை மீறின, ஊர்கள் தீவுகளாயின.

மறுநாள், உணவுப் பொட்டலங்களோடு நாங்கள் சென்ற வழியில் ஒரு தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. இக்கரையில் மூன்று இளைஞர்கள் கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டி நின்றார்கள். எந்த ஊர், எந்தச் சமயம் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் எவரையும் நீந்திக் காப்பாற்றவில்லை, படகு ஓட்டவில்லை. வந்த ஒவ்வொருவரையும் "போகாதீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், அவசரம் என்று சொல்லி அவர்களைக் கடுமையாக ஏசினார். அவர்கள் கயிற்றை அவிழ்க்கவில்லை. நாங்களும் சுற்று வழியில் சென்றோம். அன்று மாலை திரும்பியபோதும் அவர்கள் அங்கேயே நின்றார்கள். அவர்களால் உயிர் பிழைத்தவர் யார் என்று எவராலும் சொல்ல இயலாது. நேராத விபத்துக்குச் செய்தித்தாளில் இடம் இல்லை.

சேற்றுக் குழியருகே ஊதல் ஊதியவனும், தரைப்பாலத்தில் கயிறு கட்டியவர்களும் செய்தது ஒரே பணி. முன்னது விளையாட்டு, பின்னது வாழ்வு. ஆயினும் விளையாட்டில் கண்ணைத் திருப்பாமல் நிற்கப் பழகியவனே வெள்ளத்திலும் நிற்பான். பங்கு இளையோர் இயக்கங்கள் இத்தகைய பணிகளுக்குச் செல்வதன் பயன் இதுவே. 1969ஆம் ஆண்டில் நம் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும், தனக்காக அன்றிப் பிறருக்காக என்னும் பொருள்பட்ட குறிக்கோளையே மாணவர்க்கு அளித்தது.

நமக்கும் ஒரு கேள்வி

எனினும், இளைஞன் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை. தொண்டு என்ற உயர்ந்த சொல்லைச் சொல்லி, இளையோரை ஊதியமற்ற ஆள்பலமாக நடத்தும் வழக்கம் உலகில் உண்டு. நுழைவுக் கட்டணம் வாங்கி இலாபத்திற்கு நடத்தப்பெறும் போட்டிகளிலும் தொண்டர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அதைக் குறை கூறுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். திருவிழாவுக்குப் பந்தல் போட, நாற்காலி அடுக்க, தேர் இழுக்க இளைஞர்களைத் தேடுகிறோம். பங்குப் பேரவையில் முடிவெடுக்கும்போது அவர்களைத் தேடுகிறோமா? நிற்கச் சொல்கிறோம், எப்படி நிற்பது என்று கற்பிக்கிறோமா?

என் சிற்றறிவுக்கு எட்டிய சிலவற்றைச் சொல்கிறேன். தடையருகே நிற்பவருக்கு முதலுதவிப் பயிற்சி வேண்டும். நிழலும் தண்ணீரும் வேண்டும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றாள் வேண்டும். போட்டியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை, ஓடுகிறவர்கள் அனைவரும் அறியத் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். இவ்வாண்டு நின்றவர் விரும்பினால் அடுத்த ஆண்டு ஓடவும், ஓடியவர் நிற்கவும் வழி செய்ய வேண்டும். நின்று பார்த்தவன் ஓடும்போது, ஊதல் ஒலித்தால் ஏசமாட்டான். எல்லாவற்றிற்கும் மேலாக, அன்று நடந்தது என்ன என்று நிற்பவர்களிடம் கேட்க வேண்டும். பரிசளிப்புக்கு வருகிற என் போன்றோர் கால்மணி நேரம் முன்னதாக வந்தால் போதும்.

சைரீன் ஊர் சீமோன் சிலுவைப் பாதையில் தானாக முன்வந்தவர் அல்லர், பிடித்து நிறுத்தப்பட்டவர். இருந்தும் நற்செய்தி அவர் பெயரை மறக்கவில்லை. மாற்கு அவருடைய பிள்ளைகளின் பெயர்களையும் எழுதி வைத்தார். சுமை தூக்கியவரின் பெயரைச் சொல்வது ஒரு சிறு செயல்தான். ஆனால் அந்தச் சிறு செயலை நாம் செய்யத் தவறும்போது, விண்ணகக் கைம்மாறு பற்றி நாம் சொல்வது இளைஞர் காதில் வெறும் சமாளிப்பாகவே ஒலிக்கிறது.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில், வழக்கமான அறிவிப்புகளுக்குப் பின், பனமலைக்குச் சென்ற எங்கள் இளையோர் அனைவரின் பெயரையும், ஒவ்வொருவரும் எந்தத் தடையருகே நின்றார் என்பதையும் வாசித்தேன். சேற்றுக் குழியருகே நடந்ததையும் சொன்னேன். பெயர்களை வாசித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இளைஞன் கடைசி வரிசையில், தூணருகே நின்றிருந்தான். திருப்பலி முடிந்ததும் வந்து, "சாமி, அடுத்த வருசம் நான் ஓடலாமா?" என்று கேட்டான்.

"ஓடு. சேற்றுக் குழியில யார நிறுத்தலாம்னு நீயே சொல்லு" என்றேன். அவன் சற்று யோசித்து, அன்று தன்னை ஏசியவர்களில் ஒருவரின் பெயரைச் சொன்னான்.